மூன்று முறை தோண்டிய தெரு

எங்கள் தெருவில் தார் போட்டு முடித்த அன்று மாலை, எதிர்வீட்டுப் பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி, இரண்டு மழைக்காலம் சேறும் சகதியுமாகக் கிடந்து, கடைசியில் வந்து சேர்ந்த ரோடு அது. பத்து வாரம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் காலையில் பொக்லைன் வந்து நின்றது. குடிநீர்க் குழாய் பதிக்க வேண்டுமாம். நடுத்தெருவில் நீளமாகக் கீறினார்கள், பதித்தார்கள், மண்ணைத் தள்ளி மூடினார்கள். அந்த மண் இறுகுவதற்குள் எரிவாயுக் குழாய்க்காரர்கள் வந்துவிட்டார்கள்.

பெரியவர் எழுந்துபோய், வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த இளைஞரிடம் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இதையெல்லாம் ஒரே தடவையா முடிச்சிருக்கக் கூடாதுங்களா?"

அந்த இளைஞர் கையிலிருந்த தாளைக் காட்டினார். "எங்களுக்கு இப்பத்தானுங்க ஒர்க் ஆர்டர் வந்துச்சு. முன்னாடி தோண்டினவங்க வேறங்க, நாங்க வேறங்க."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மூன்று வேலைக்கும் தனித்தனியே திட்டம் இருந்தது, எஸ்டிமேட் இருந்தது, டெண்டர் இருந்தது. மூன்றுமே ஊருக்குத் தேவையான வேலைகள்தான். மூன்று தாள்களையும் ஒரே மேசையில் விரித்துவைத்து, எது முதலில், எது அடுத்து, தார் எப்போது என்று முடிவு செய்ய மட்டும் ஆள் இல்லை. கோவையிலும் கொங்கு மண்டலத்து நகரங்களிலும் உள்ளாட்சி நிர்வாகத்தின் பெருங்குறை எங்கள் தெருவின் அந்தப் பள்ளத்தில் அப்படியே தெரிந்தது. நம் ஊர்களில் திட்டங்களுக்குப் பஞ்சமே கிடையாது. போட்ட திட்டத்தை ஆண்டுக்கணக்கில் கைவிடாமல் பிடித்திருந்து, மக்களுக்குப் பதில் சொல்லும் சொந்தக்காரர் இல்லாததுதான் பஞ்சம்.

ஆவணங்கள் நிறைந்த ஊர்

திட்டமிடுதல் கோவைக்குப் புதிதல்ல. 1866இல் நகராட்சியான ஊர் இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பிளேக், நெரிசலுக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை நகரத்துக்குக் காட்டியது. நகரத் திட்டமிடலின் முன்னோடிகளில் ஒருவரான பேட்ரிக் கெடஸ் 1915 வாக்கில் சென்னை மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கைகளில் கோவையும் இருந்தது. ஊரை முதலில் நடந்து பார், அதன் நாடியைப் பிடி, பிறகு மருந்து கொடு என்பது அவருடைய வழி. 1920இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் வந்தது. நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் ஆர்.எஸ்.புரம் உருவானது. அங்கே நேராக ஓடும் சாலைகளையும் குறுக்கே வெட்டும் வீதிகளையும் இன்று பார்த்தாலும், யோசித்து அமைத்த பகுதி என்பது கண்ணுக்குத் தெரியும்.

அதன் பிறகு ஆவணங்கள் குவிந்தன. 1971இன் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி கோவை உள்ளூர்த் திட்டப் பகுதிக்கான முழுமைத் திட்டம் 1994இல் ஒப்புதல் பெற்றது. 2005இல் மத்திய அரசு ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, நிதி பெறுவதற்கு நகர வளர்ச்சித் திட்டம் ஒன்று எழுதப்பட்டது. அடுத்து மத்திய அரசின் அம்ருத் திட்டம் வந்தது. 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டிக்கான முதல் இருபது நகரங்களில் கோவையும் இடம்பிடித்தது. அதற்கும் தனியாக ஒரு திட்ட ஆவணம். ஒவ்வொன்றும் பணம் கொடுப்பவர் கேட்ட படிவத்தில், அவர் விதித்த கெடுவுக்குள் எழுதப்பட்டது. பணம் தீர்ந்ததும் அந்த ஆவணத்தின் வேலையும் தீர்ந்துபோனது.

இடைப்பட்ட காலத்தில் ஊர் தன் பாட்டுக்கு வளர்ந்தது. 2011இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி உள்ளிட்ட பேரூராட்சிகளும் மாநகராட்சியோடு இணைந்தன. 105 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 257 ஆக விரிந்தது. 72 வார்டுகள் 100 ஆயின. சரவணம்பட்டியின் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஐ.டி. நிறுவனங்கள் எழுந்தன. இத்தனைக்கும் கையில் இருந்தது 1994இன் முழுமைத் திட்டம்தான். அதைத் திருத்தும் முயற்சிகள் கிடப்பிலேயே கிடந்தன. வரைபடத்தில் வயல் என்று இருந்த இடம், விண்ணப்பம் கொடுத்தவரின் ஃபைல் நகர நகர, ஒவ்வொன்றாக மனைப்பிரிவாகவும் வணிக வளாகமாகவும் மாறியது. 2041ஐ இலக்காகக் கொண்ட புதிய முழுமைத் திட்டத்தின் வரைவு 2024இல்தான் வந்தது. இறுதி வடிவம் 2025இல் வெளியானது. ஒரு தலைமுறையே வளர்ந்து, வீடு கட்டி, பிள்ளை பெற்று முடித்த பிறகு வந்த வரைபடம் அது.

மன்றம் இல்லாத ஆண்டுகள்

இந்தக் கதையில் நாம் போதிய அளவு பேசாத ஒரு பக்கம் உண்டு. கோவை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகள் மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை. மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலரின் ஆட்சி. நகரத்தின் தலைவிதியை எழுதிய பெரும் முடிவுகள் பலவும் அதே ஐந்தரை ஆண்டுகளில்தான் எடுக்கப்பட்டன.

ஸ்மார்ட் சிட்டிப் பணிகளில் பெரும்பகுதி அந்தக் காலத்தில், அதற்கென்றே அமைந்த தனி நிறுவனத்தின் வழியாக நடந்தது. பழைய நகரப் பகுதியின் 60 வார்டுகளுக்கு 24 மணி நேரமும் குடிநீர் தரும் பொறுப்பை சூயஸ் நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் 2018இல் கையெழுத்தானது. அதன் காலம் 26 ஆண்டுகள். சிறுவாணி, பில்லூர் அணைகளை நம்பிக் குடம் அடுக்கிக் காத்திருக்கும் ஊர் இது. எந்த நாளில் தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டே வீட்டு வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் பெண்களின் ஊர். இன்றைய குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகும்வரை நீளும் அந்த ஒப்பந்தத்தின் மீது, கையெழுத்தான நாளில் வாக்குப் பெற்ற ஒருவர்கூட மன்றத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்டிருக்க முடியாது. மன்றமே இல்லையே!

வெள்ளலூருக்கு வருவோம். காந்திபுரம், உக்கடம், சிங்காநல்லூர் என்று சிதறிக்கிடக்கும் பேருந்து நிலையங்களின் சுமையைக் குறைக்க, அங்கே சுமார் 61 ஏக்கரில் 168 கோடி ரூபாயில் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் கட்டும் பணி 2020இல் தொடங்கியது. 2021இல் ஆட்சி மாறியது. பாதி எழும்பிய கட்டுமானம் அப்படியே நின்றது. தளம் போட்ட தூண்களும் துருவேறும் கம்பிகளுமாக அந்த இடம் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. இடம் பொருத்தமானதா, நகரத்தின் தெற்கு மூலைக்கு எல்லோரும் போய்ச் சேர முடியுமா என்ற கேள்விகள் நியாயமானவை. அவற்றை முதல் செங்கல் வைப்பதற்கு முன் நூறு கவுன்சிலர்கள் முன்னால் கேட்டிருக்க வேண்டும். நிறுத்துவதாக இருந்தாலும், ஏன் நிறுத்துகிறோம், செலவான பணத்துக்கு என்ன கணக்கு, அந்த இடம் இனி எதற்கு என்று ஊருக்குச் சொல்லித் தீர்மானம் போட்டிருக்க வேண்டும். எந்தக் கட்சி கட்டியது, எந்தக் கட்சி நிறுத்தியது என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஒரு திட்டத்தைத் தொடங்கவும் கைவிடவும் ஊரைக் கேட்க வேண்டியதில்லை என்ற வழக்கம்தான் என் மனத்தை உறுத்துகிறது.

தனி அலுவலர் காலத்தில் வேலை வேகமாக நடக்கிறது என்று சொல்வோர் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் மாலையில் நடப்பவர்களையும் ஓடியாடும் குழந்தைகளையும் பார்க்கும்போது, முன்பு மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடமா இது என்று மனம் நிறைகிறது. ஆனால், கரை அழகாவது ஓராண்டு வேலை. குளத்துக்குள் வரும் சாக்கடையைத் தடுப்பது பல பத்தாண்டு வேலை. கரை மாறிய அளவுக்கு நீர் மாறவில்லை. கரைக்கு ஒப்பந்தக்காரரும் திறப்பு விழாத் தேதியும் போதும். நீருக்கு ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில் இடம் வேண்டும், ஒவ்வொரு வார்டிலும் இணைப்பு வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். ஆணையர் மாறுவார், பொறியாளர் மாறுவார்; அது அவர்கள் பணியின் இயல்பு. மாறாமல் அதே தெருவில் குடியிருந்து, அடுத்த தேர்தலில் அதே வாசலில் வந்து நிற்க வேண்டிய மனிதர்தான் பல பத்தாண்டு வேலைக்குக் காவல்.

கிராமங்களின் நிலையும் வேறல்ல. 2025 ஜனவரியில் கோவை உட்பட 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் காலம் முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அதே ஆண்டில்தான் 2041 முழுமைத் திட்டம் இறுதியானது. சுமார் 1,530 சதுர கிலோமீட்டர் பரப்பை அளாவும் அந்தத் திட்டத்தின் எல்லைக்குள் மாநகராட்சிக்கு வெளியே எத்தனையோ ஊராட்சிகள் இருக்கின்றன. எந்த வயல் வயலாக நீடிக்கும், எந்த வயலில் சாலை வரும் என்று எழுதிய வரைபடம் வந்து சேர்ந்தபோது, அதை வாங்கிப் படித்துக் கேள்வி கேட்க ஊராட்சித் தலைவர் நாற்காலியில் ஆள் இல்லை.

ஓடந்துறை சொன்ன பாடம்

இது இப்படித்தான் இருக்கும் என்று சலித்துக்கொள்பவர்கள் ஒருமுறை மேட்டுப்பாளையத்துக்கு அருகில் உள்ள ஓடந்துறைக்குப் போய் வரலாம். 1996 முதல் 2006 வரை அந்த ஊராட்சிக்குத் தலைவராக இருந்தவர் ஆர்.சண்முகம். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின்கட்டணம் ஊராட்சியின் வருமானத்தை அரித்துக்கொண்டிருந்தது. எல்லா ஊராட்சிக்கும் இருக்கும் தலைவலிதான். மற்றவர்கள் மானியம் கேட்டு மனு எழுதினார்கள். ஓடந்துறை கணக்குப் போட்டது.

முதலில் குடிநீர் இறைக்க, மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் சிறிய கருவி ஒன்றை வைத்தார்கள். அடுத்து காற்றாலை. உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே சொந்தமாக வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதி வங்கிக் கடன். 2006இல் காற்றாலை சுழன்றது. ஊரின் தேவைக்குப் போக மிஞ்சும் மின்சாரம் மின்வாரியத்துக்குப் போனது. அந்த வருமானத்திலிருந்து கடன் தவணை கட்டப்பட்டது. ஒரு கிராம ஊராட்சி கடன் வாங்கிக் காற்றாலைக்குச் சொந்தக்காரர் ஆனதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

இதை ஒரு தனிமனிதரின் சாமர்த்தியம் என்று பாராட்டிவிட்டு நகர்ந்தால் பாடத்தைத் தவறவிட்டுவிடுவோம். ஓடந்துறையில் குறையைக் கண்டவர், கணக்குப் போட்டவர், கடன் வாங்கியவர், காற்றாலையை நடத்துபவர், தவணை கட்டுபவர் எல்லாம் ஒரே அமைப்பு. அது ஊராட்சி. பத்தாண்டுகள் தொடர்ந்து பொறுப்பில் ஒருவர் இருந்தார். சேமிப்பு வளரவும், சின்னக் கருவியில் கற்ற பாடம் பெரிய முதலீட்டுக்குத் துணிச்சல் தரவும் அந்தப் பத்தாண்டு போதுமாக இருந்தது. இடையில் மூன்று ஆண்டுகள் மன்றம் கலைந்திருந்தால் அந்தக் காற்றாலை ஃபைலிலேயே நின்றுபோயிருக்கும்.

வாளையாறு தாண்டினால் இன்னொரு பாடமும் கிடைக்கும். கேரளத்தில் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. பணம் முன்கூட்டியே உறுதியானதால், கிராமசபையில் உட்கார்ந்தவர்களின் பேச்சுக்கு எடை கூடியது. குறையே இல்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால், கையில் காசில்லாதவரிடம் போய்த் திட்டம் போடு என்றால் அவர் விருப்பப்பட்டியல்தான் எழுதுவார். காசு உறுதி என்று தெரிந்தால்தான் எது முதலில், எது பிறகு என்று யோசிப்பார். திட்டமிடுதலின் சாரமே அந்த முன்பின்தான்.

தண்ணீர் வந்தது, இனி?

அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தைக் கொங்குநாட்டில் யாரும் மறக்க முடியாது. அறுபது ஆண்டுகள் கோரிக்கை, ஊர்வலம், உண்ணாவிரதம், ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதி. 2019இல் பணி தொடங்கி, 2024 ஆகஸ்ட் 17 அன்று 1,916 கோடி ரூபாய் செலவில் செயல்பாட்டுக்கு வந்தது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே, உபரியாகப் போகும் 1.5 டி.எம்.சி. தண்ணீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேடேற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புகிறது. கட்சிகள் மாறினாலும், ஊர்க்காரர்கள் கோரிக்கையைக் கீழே வைக்கவில்லை. அதனால்தான் அது நடந்தது.

அந்த 1,045இல் பொதுப்பணித் துறை ஏரிகள் 32தான். 42 ஊராட்சி ஒன்றியக் குளங்கள். 971 சின்னஞ்சிறு குட்டைகள். குழாய் பதித்தது மாநில அரசு. வந்து சேரும் நீரைத் தாங்கும் கரையும், தூர் எடுக்க வேண்டிய மண்ணும், அகற்ற வேண்டிய சீமைக் கருவேலமும் ஊராட்சியின் தலையில். அறுபது ஆண்டுக் கனவின் அடுத்த கட்டம் கிராம ஊராட்சியின் ஆண்டு பட்ஜெட்டில் எழுதும் ஒற்றை வரியை நம்பியிருக்கிறது. அந்த வரியை எழுத வேண்டியவரின் நாற்காலியை நாம் காலியாக வைத்திருந்தால், குழாயில் வரும் தண்ணீர் எங்கே நிற்கும்?

அந்த அணைக்கட்டிலிருந்து பிரியும் காலிங்கராயன் வாய்க்கால் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெட்டியவர் பெயரை ஊர் இன்றும் சொல்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதில் நீர் ஓடுவதற்குக் காரணமானவர்கள், ஆண்டுதோறும் தண்ணீரை நிறுத்தித் தூர் வாரி மராமத்து பார்த்த, பெயர் தெரியாத எத்தனையோ தலைமுறையினர். வெட்டுவது ஒருமுறை. பேணுவது ஒவ்வோர் ஆண்டும்.

செய்யக் கூடியவை

முதலாவது, மன்றம் இல்லாத நாள் என்று ஒன்று இனி இருக்கவே கூடாது. காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று 1993இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புத் திருத்தங்கள் தெளிவாகச் சொல்கின்றன. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற கோவை மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சோடு முடியும். வார்டு மறுவரையறை, வழக்கு, கணக்கெடுப்பு என்று எந்தக் காரணத்தாலும் அந்தத் தேதி தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அரசின் கடமை. அதைக் கேட்க வேண்டியது நம் கடமை.

இரண்டாவது, முழுமைத் திட்டத்தையும் பட்ஜெட்டையும் ஒன்றாகக் கட்டிவைக்க வேண்டும். மாநகராட்சியின் பட்ஜெட்டில் வரும் ஒவ்வொரு பெரிய பணிக்கும், அது 2041 திட்டத்தின் எந்தப் பகுதியை நிறைவேற்றுகிறது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். எதையும் நிறைவேற்றாத பணி என்றால், பிறகு ஏன் அந்தப் பணி என்று மன்றம் கேட்கட்டும். கட்டும் செலவோடு, பத்தாண்டுப் பராமரிப்புச் செலவும் அதற்கு வேண்டிய பணியாளர் எண்ணிக்கையும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். ஆள் போட முடியாத கழிப்பறையையும் பில் கட்ட முடியாத மோட்டாரையும் திறந்துவைத்து என்ன பயன்?

மூன்றாவது, எண்ணிக்கை. 2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், ஊரின் அளவு இன்னமும் 2011இன் கண்ணாடியில்தான் தெரிகிறது. 2025 நவம்பரில் கோவை மெட்ரோ திட்டத்தை மத்திய அரசு திருப்பி அனுப்பியபோது சொன்ன காரணங்களில் ஒன்று, 2011 கணக்குப்படி மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் குறைவு என்பது. திருப்பூருக்கும் அவிநாசிக்கும் பல்லடத்துக்கும் நாள்தோறும் போய்வரும் கூட்டத்தைப் பார்க்கும் எவருக்கும் ஊரின் இன்றைய எடை தெரியும். அதை மத்திய அரசு எண்ணித் தரும்வரை காத்திருக்க வேண்டாம். சொத்துவரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு, பள்ளிச் சேர்க்கை எல்லாம் ஏற்கெனவே அரசிடம் உள்ள கணக்குகள்தான். வார்டு வாரியாக அவற்றைத் தொகுத்து ஆண்டுதோறும் மாநகராட்சியே வெளியிடலாம்.

நான்காவது, எங்கள் தெரு. ஐந்து மண்டலங்களிலும் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே ஒரு அட்டவணை போதும்: எந்தத் தெருவை யார், எந்த மாதம் தோண்டப்போகிறார்கள். குடிநீர், சாக்கடை, மின்கேபிள், எரிவாயு, இணைய கேபிள் அனைவரும் ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும். தார் கடைசி. அட்டவணையில் இல்லாதவருக்கு, வெடிப்பு, கசிவு போன்ற அவசரம் தவிர, அந்த ஆண்டு அனுமதி இல்லை. இதற்குப் புதிய சட்டமோ பெருநிதியோ தேவையில்லை. ஒரு மேசையும், அதில் எல்லோரையும் உட்காரவைக்கும் அதிகாரமும் போதும்.

அந்த மேசையின் மீது மக்களின் கண் இருக்க வேண்டும். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, தமிழ்நாட்டின் நகரங்களில் முதன்முறையாக ஏரியா சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராமசபைபோல நகரவாசிக்கும் கிடைத்த வாய்ப்பு அது. பல இடங்களில் அது குப்பை, தெருவிளக்கு, நாய்த் தொல்லை என்று மனு கொடுக்கும் கூட்டமாகச் சுருங்கிப்போனது. மனு கொடுப்பது தவறல்ல. ஆனால் போன ஆண்டு சொன்னது என்ன, நடந்தது என்ன, நடக்காததற்குக் காரணம் என்ன என்று வாசித்துக்காட்டும் கணக்கு அங்கே தொடங்க வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் எட்டிப் பார்த்தேன். எரிவாயுக் குழாய்க்காகத் தோண்டிய பள்ளம் மூடியாகிவிட்டது. மேலே ஜல்லி சிதறிக்கிடக்கிறது. பெரியவரிடம் அடுத்த ஏரியா சபைக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். "போயி என்னங்க கேக்கறது?" என்றார். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தத் தெருவுக்கு மீண்டும் தார் எந்த மாதம், அதற்கு முன் இன்னும் யார் தோண்டப்போகிறார்கள்? பதிலை யார் சொன்னார் என்ற பெயரோடு கூட்டப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தையே முதலில் திறக்கச் சொல்ல வேண்டும். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இருவருமாகப் போகிறோம்.